கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்வதா, பெரிய பெட்டியாக மாற்றுவதா?

ரிப்பேரா, அப்கிரேடா என்று முடிவெடுப்பதற்கு முன், பெட்டி தேய்ந்து போனதா, பாரம் தாங்காமல் உடைந்ததா என்று பாருங்கள். பாதி பதில் வடிக்கும் ஆயிலிலேயே இருக்கிறது. டிரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருந்தால், விரலில் தேய்த்து நெருடாதவரை கவலை இல்லை. ஓடிய பெட்டி எல்லாவற்றிலும் அது இருக்கும். தங்கப்பொடி போல மின்னினால், கியர் மாறும்போது வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சின்க்ரோ வளையத்தின் பித்தளை தேய்கிறது. அது காந்தத்தில் ஒட்டாது. வெள்ளைத் துணியில் ஆயிலை வடிகட்டி வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். எஃகு செதில் செதிலாக வந்தால் பேரிங்கின் ஓடுபாதை உரிகிறது. மூலை உள்ள துண்டு வந்தால் கியர் பல் உடைந்திருக்கிறது. அதற்கு மேல் வண்டியை நகர்த்தாதீர்கள். அந்தத் துண்டு அடுத்த ஜோடிப் பற்களுக்கு நடுவே சிக்கினால் பெட்டியின் உறையே பிளந்துவிடும்.

அடுத்தது சத்தம். நியூட்ரலில் இரைந்து, கிளட்சை மிதித்ததும் அடங்கினால் இன்புட் ஷாஃப்ட் பக்கத்துப் பேரிங். மிதிக்கும்போதுதான் தொடங்குகிறது என்றால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், அதாவது கிளட்ச் வேலை. பெட்டி நன்றாகவே இருக்கலாம். பின்சக்கர இழுவை வண்டியில் 1:1 கியரில் (இன்ஜின் வேகத்திலேயே வெளித் தண்டு சுழலும் கியர்) மட்டும் இரைச்சல் குறைந்தால், பெட்டிக்குள் இணையாக ஓடும் துணைத் தண்டான கவுன்டர் ஷாஃப்டின் பேரிங்கைப் பாருங்கள். அந்த ஒரு கியரில்தான் அதன் மேல் பாரம் விழாது.

பேரிங், சின்க்ரோ, ஃபோர்க், சீல் இவற்றோடு பழுது நின்றால் ரிப்பேர்தான் சரி. சின்க்ரோ வளையத்தைக் கியரின் கூம்பின் மேல் அழுத்திப் பிடித்து, சுற்றிலும் மூன்று இடத்தில் ஃபீலர் கேஜ் (மெல்லிய அளவுத் தகடு) விட்டு இடைவெளியை அளந்து, அந்தப் பெட்டிக்கான மேனுவலில் உள்ள எல்லையோடு ஒப்பிடுங்கள். எந்த ஆயில் ஊற்றியிருந்தார்கள் என்றும் கேளுங்கள். ஜிஎல்-4 தரக் கியர் ஆயில் கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 தர ஆயிலை ஊற்றினால் வளையத்துக்குப் பிடிப்பு போய்விடும். அதன் கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கவும் கூடும். இதைக் கவனிக்காமல் புது சின்க்ரோ போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

* * *

மேலே அண்ணா சொன்னதில் பல் உடையும் விஷயத்தைக் கொஞ்சம் விரிக்கிறேன். டியூன் செய்த டர்போ வண்டிகளில் பெரும்பாலும் மூன்றாவது கியர்தான் போகும். முதல் இரண்டில் டயர் சுழன்று பாரத்தை விட்டுவிடும். மூன்றில் டயர் பிடித்துக்கொள்வதால் முழு டார்க்கும் (முறுக்கு விசை) பல்லின் மேல் இறங்குகிறது. பாரம் ஏறினால் கியர்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும், அலுமினிய உறை இம்மியளவு விரியும், பற்கள் முழுசாகக் கவ்வாமல் நுனியில் மட்டும் மோதும். பழைய சுபாரு டர்போக்களின் 5 கியர் பெட்டி இதற்குப் பேர் போனது. இப்படி உடைந்த பெட்டியில் அதே கம்பெனி கியரை மறுபடி போடுவது வீண் செலவு.

நடுவழி ஒன்று உண்டு: அதே உறைக்குள் அகலமான நேர்பல் (பற்கள் சாய்வின்றி நேராக வெட்டிய) கியர் செட். நேர்பல் ஷாஃப்டை நீளவாக்கில் தள்ளாது, அதனால் பேரிங் பிழைக்கும். இரைச்சல் காதைத் துளைக்கும், உறை விரிவதும் முழுதாக நிற்காது. சின்க்ரோ இல்லாத டாக் பாக்ஸை மட்டும் தினசரி ஓட்டும் வண்டிக்கு வாங்காதீர்கள். நெரிசலில் மெதுவாகக் கியர் போட்டாலே கியரைக் கவ்வும் டாக் முனைகள் மழுங்கும், பிறகு கியர் தானாகக் கழன்று வரும்.

* * *

இரண்டு கிளட்சுகளால் தானே கியர் மாற்றும் டூயல் கிளட்ச் வண்டிக்கு இந்தக் கணக்கு வேறு. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் டிகியூ250 ஈரக் கிளட்ச் (ஆயிலில் ஓடும் கிளட்ச்) பெட்டி, கம்பெனிக் கணக்கில் 350 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கானது. 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். அதை விட்டுவிட்டு, உதறுகிறது என்றதும் பெட்டியையே மாற்றக் கிளம்புகிறார்கள். முதலில் ஆயில், ஃபில்டர், பிறகு ஸ்கேனரில் பேசிக் செட்டிங் (கிளட்ச் பிடிக்கும் புள்ளியைப் பெட்டிக்கு மறுபடி கற்றுக்கொடுப்பது). ஆயில் அளவை இன்ஜின் ஓடும்போது, ஆயில் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது பார்க்க வேண்டும். குளிர்ந்த ஆயிலில் பார்த்தால் அளவு தப்பாகும்.

டியூனுக்குப் பிறகு ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் பேக்கை (கிளட்ச் தட்டுகளின் அடுக்கு) மட்டும் பலமானதாக மாற்றினால் போதும், கியர்களைத் தொட வேண்டாம். ஆனால் பூட்டும்போது டயல் கேஜ் வைத்து இடைவெளி அளந்து, அதற்கேற்ற தடிமனில் சர்க்லிப் (பூட்டு வளையம்) தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்டியைக் கட்டுப்படுத்தும் கணினியான டிசியூவின் மென்பொருளில் கிளட்ச் அழுத்தத்தையும் கூட்ட வேண்டும். இதை விட்டால் புதுப் பேக்கும் வழுக்கும்.

* * *

முழுப் பெட்டி மாற்றுவது என்று முடிவானால் பெட்டியின் விலையை மட்டும் பார்க்காதீர்கள் நண்பரே. டிரெமெக் கம்பெனியின் டி-56 மேக்னம் பெட்டி சுமார் 950 நியூட்டன் மீட்டர் தாங்கும், உண்மைதான். ஆனால் இன்ஜினோடு பெட்டியைச் சேர்க்கும் பெல் ஹவுசிங், பெட்டியைத் தாங்கும் கிராஸ்மெம்பர், கிளட்ச், புது நீளத்தில் புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்பீடு சென்சார் என்று பட்டியல் நீளும். நான்கு சக்கர இழுவையில் முன், பின் ஃபைனல் டிரைவ் விகிதம் ஒத்துப்போகாவிட்டால், முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் சென்டர் டிஃபரன்ஷியல் வெந்துபோகும்.

பலரும் தாண்டிப் போகும் ஒரு வேலை: பெல் ஹவுசிங் மையம் பார்ப்பது. டயல் இண்டிகேட்டரை ஃப்ளைவீலில் பொருத்தி, ஹவுசிங் துளையின் உள்விளிம்பில் முனையை வைத்து, இன்ஜினைக் கையால் ஒரு சுற்று திருப்புங்கள். முள் 0.005 அங்குலத்துக்கு மேல் ஆடினால் ஆஃப்செட் டோவல் பின் (மையம் விலகிய பொருத்து முளை) போட்டுச் சரிசெய்ய வேண்டும். அப்படியே பூட்டினால் கியர் முரண்டு பிடிக்கும், இன்புட் பேரிங் சீக்கிரமே இரையத் தொடங்கும். எல்லாக் குற்றமும் புதுப் பெட்டியின் மேல் விழும்.

பெட்டி பலமானால் அடுத்த அடி சக்கரத்தைச் சுழற்றும் ஹாஃப் ஷாஃப்டுக்கும் டிஃபரன்ஷியலுக்கும். அவற்றுக்கும் பணம் ஒதுக்க முடியாவிட்டால் லாஞ்ச் ஆர்பிஎம்மை (நின்ற இடத்திலிருந்து பாயும்போது வைக்கும் இன்ஜின் வேகம்) குறையுங்கள்.

* * *

ரிப்பேரோ அப்கிரேடோ, முதல் 800 கிலோமீட்டர் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்காமல் ஓட்டிவிட்டு, ஆயிலைச் சூட்டோடு வடியுங்கள். மறுபடியும் அதே காந்தம், அதே வெள்ளைத் துணி.