ஒன்றாம் வகுப்புக்கு மழைக்கால, பனிக்காலச் செயல்பாடுகள் வேண்டும் (படத்தில் இருக்கிற பனி எங்கள் ஊர்ப் பனி இல்லை)

வெண்ணாற்றங்கரை டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 17 பிள்ளைகள். பாதிப் பேர் வீட்டில் வயல் வேலைதான்.

வகுப்புச் சுவரில் கடையில் வாங்கிய ‘பருவங்கள்’ படம் ஒன்று தொங்கியது. நாலு கட்டம். பூந்தோட்டம், கடற்கரை, சிவப்பு இலை உதிரும் மரம், கழுத்தில் துணி சுற்றிய பனிமனிதன். போன வாரம் ஒரு பெண் பிள்ளை அதன் கீழே நின்று, “டீச்சர், இந்தப் பனி நம்ம ஊருக்கு எப்ப வரும்?” என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த பையன், “மார்கழியில வரும். எங்க வைக்கோல் போர் மேல கை வச்சா சில்லுனு நனையும்” என்றான். எனக்கு யாரைத் திருத்துவது என்றே தெரியவில்லை. சாயங்காலம் படத்தைக் கழற்றிவிட்டேன். இப்போது அந்தச் சுவர் காலியாக இருக்கிறது.

போன வருடம் மழைக்காலத்துக்கு நான் செய்தது காகிதக் கப்பல், பஞ்சு ஒட்டிய மேகம், குடைப் படத்துக்கு வண்ணம். இரண்டு நாளில் முடிந்தது. பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும், “மழைக்காலத்துல என்னென்ன பார்த்தீங்க?” என்று கேட்டேன். “குடை”, “கப்பல்” என்றார்கள். அந்த வருடம் அவர்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. நட்ட சம்பாப் பயிர் மூழ்கியது. ஒரு பிள்ளையும் அதைச் சொல்லவில்லை. வகுப்பில் சொல்ல வேண்டியது அது இல்லை என்று நானே கற்றுக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

புரட்டாசி முடியப் போகிறது. ஐப்பசி முதல் தை வரை என்ன செய்யலாம்? எங்களிடம் இருப்பது ஓர் அறை, ஒரு தாழ்வாரம், ஒரு வேப்பமரம், ஓர் அடிபம்பு. செலவில்லாமல் செய்கிற மாதிரி சொல்லுங்கள்.

---

பழைய கரும்பலகை எழுதியது:

டீச்சர், அந்தப் பையன் சொன்னதுதான் சரி. அவன் கைக்குத் தெரிந்த பனி அது. அங்கிருந்தே தொடங்குங்கள்.

நாகப்பட்டினம் பக்கம் 34 வருடம் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் எடுத்தேன். 2007-இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது எங்கள் வகுப்பிலும் காலநிலை அட்டை ஒன்று மாட்டினோம். வெயில், மேகம், மழை என்று முள்ளைத் திருப்ப வேண்டும். பிள்ளைகள் ஆசையாகத் திருப்புவார்கள். ஆனால் இன்று திருப்பியது நாளை மறைந்துவிடும். நேற்றைய மழை எங்கேயும் தங்காது. எனக்கு அது பெரிய குறையாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை நான் விடாமல் செய்தது ஒன்றே ஒன்று, மழைப் பாட்டில்.

பக்கம் நேராக இருக்கிற பிளாஸ்டிக் பாட்டிலை எடுங்கள். இடுப்பில் நெளிவு இருப்பது வேண்டாம். மேல் பாகத்தை வெட்டி, தலைகீழாக அதன் வாயிலேயே புனல் மாதிரி செருகுங்கள். வெட்டிய ஓரம் கையைக் கிழிக்கும், சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். முதல் வருடம் நான் இதோடு நிறுத்திவிட்டேன். கூல்டிரிங்ஸ் பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும் அல்லவா, அதனால் கணக்கெல்லாம் தப்பாகப் போனது. மறு வருடம் அடியில் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் ஒரு கோடு போட்டேன். அதுதான் சுழி. அந்தக் கோட்டுக்கு மேலே ஏறுவதுதான் மழை. மரத்தடியிலும் கூரை ஓரத்திலும் வைக்கக் கூடாது. திறந்த இடத்தில் நாலு செங்கலுக்கு நடுவே நிற்க வையுங்கள்.

வானிலை மையத்தில் தினமும் காலை எட்டரைக்கு அளக்கிறார்கள். நாம் காலை வழிபாடு முடிந்ததும் அளக்கலாம். ஸ்கேல் வேண்டாம். நீலக் காகிதத்தை ரிப்பன் மாதிரி வெட்டி, பாட்டிலின் பக்கத்தில் வைத்து, கோட்டிலிருந்து தண்ணீர் ஏறியிருக்கிற உயரத்துக்குக் கத்தரிக்க வேண்டும். அந்தத் துண்டைச் சுவரில் அன்றைய தேதிக்கு நேராக ஒட்ட வேண்டும். மழை இல்லாத நாளுக்கு ஒரு மஞ்சள் பொட்டு. அவ்வளவுதான். அளந்ததும் தண்ணீரைக் கோடு வரைக்கும் கொட்டிவிடுங்கள். மழை இல்லாத வாரத்தில் கல்லோடு தண்ணீரையும் மாற்றுங்கள், கொசு முட்டையிடும்.

கார்த்திகை பாதியில் அந்தச் சுவரைப் பார்க்க வேண்டும். “இது நெட்டை, இது குட்டை, இந்த வாரம் பொட்டா இருக்கு” என்று அவர்களே பேசுவார்கள். சென்டிமீட்டர் என்ற சொல்லே வேண்டாம். எண்ணுக்கு முன்னால் வர வேண்டியது ஒப்பிடுகிற பழக்கம்தானே. எழுதத் தெரிந்த பிள்ளை துண்டின் மேல் ‘மழை’ என்று எழுதட்டும். அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில், கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்த மூன்று நிலைப் பிள்ளைகளும் ஒரே சுவரில் வேலை செய்ய இதைவிடத் தோதானது எனக்குத் தெரியவில்லை.

ஒரு சிக்கல் உண்டு. பெரிய மழை பெய்கிற அன்றைக்குத்தான் கலெக்டர் லீவு விடுவார். நான் மழை மிரட்டுகிற சாயங்காலம் பாட்டிலை ஒரு பிள்ளையிடம் கொடுத்து அனுப்புவேன். ஒரு முறை ஒரு சின்னப் பெண் லீவு முடிந்த காலையில் வந்தாள். பாட்டிலை நெஞ்சோடு அணைத்து, வாயை உள்ளங்கையால் பொத்தி, சேற்றில் ஒவ்வோர் அடியாக வைத்து நடந்து வந்தாள். பாவாடை ஓரமெல்லாம் சேறு. என்னிடம் நீட்டும்போது, “கொட்டிடாதீங்க டீச்சர், இது நேத்து ராத்திரி மழை” என்றாள். அன்றைக்கு அந்தத் துண்டை அவளே வெட்டினாள். கத்தரிக்கோல் பிடிக்கவே வராத பிள்ளை.

அடுத்தது உங்கள் வேப்பமரம். மாதம் ஒரு முறை அதே கிளைக்குக் கீழே எல்லோரையும் உட்கார வைத்து வரையச் சொல்லுங்கள். தை வரை பெரிதாக ஒன்றும் மாறாது. பொறுமையாக இருங்கள். மாசி பங்குனியில் இலை கொட்டி, செம்பு நிறத்தில் தளிர் வரும், பிறகு பூ வரும். முந்தைய படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் ‘பருவம்’ என்ற சொல்லுக்கு அவர்களிடம் பொருள் பிறக்கும்.

மூழ்கிய பயிரைப் பற்றிக் கேட்டீர்கள். அவர்களைச் சொல்ல வைக்க வேண்டாம், சொல்ல இடம் கொடுங்கள். மழை ஓசையைக் கேட்கிற விளையாட்டு ஒன்று உண்டு. அலுமினியச் சட்டி, பிளாஸ்டிக் வாளி, மண்சட்டி, தகரம் என்று வரிசையாக வைத்து மேலிருந்து தண்ணீர் சொட்ட விடுங்கள். பிள்ளைகள் கண்ணை மூடி எது என்று சொல்ல வேண்டும். கூரை ஒழுகுகிற வீட்டுப் பிள்ளைதான் எப்போதும் முதலில் சொல்லும். அங்கிருந்து பேச்சு தானாக வரும். வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

---

சாரல் ஊர் அங்கன்வாடி எழுதியது:

தென்காசி பக்கம் அங்கன்வாடியில் இருக்கிறேன். பழைய கரும்பலகை அம்மா சொன்ன பாட்டிலை நாளைக்கே வைக்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்க ஆசை. எங்களுக்கு ஆனி ஆடியிலேயே சாரல். ஆரியங்காவு கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று தள்ளும், குற்றாலத்தில் தண்ணீர் விழும். ஐப்பசியில் மறுபடி மழை. அதனால் ‘மழைக்காலம்’ என்று ஒரே படம் போட்டால் எங்கள் பிள்ளைகளுக்கும் பொருந்தாது.

நாங்கள் காற்றாடியை வைத்துத்தான் பருவம் சொல்கிறோம். பனை ஓலையில் இரண்டு துண்டு, நடுவில் குத்த ஊரில் கருவேல முள் வைப்பார்கள். மூன்று நாலு வயதுப் பிள்ளைகளுக்கு முள் வேண்டாம், தென்னை ஈர்க்குச்சி போதும். ஆடியில் மலையைப் பார்த்து நின்றால் சுற்றும். ஐப்பசிக்குப் பிறகு அதே காற்றாடிக்கு மறுபக்கம் திரும்ப வேண்டும். மேற்கிலிருந்து வந்தால் கோடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், வடக்கு வாடை, தெற்கு தென்றல். இந்த நாலு பெயரையும் எங்கள் பிள்ளைகள் கை நீட்டியே சொல்வார்கள்.

இன்னொன்று. முதல் மழைக்கு வருகிற சிவப்பு வெல்வெட் பூச்சியைப் பிடித்துத் தீப்பெட்டியில் வைக்க விடாதீர்கள். நான் ஒரு வருடம் விட்டேன். மறுநாள் காலையில் திறந்தபோது எல்லாம் செத்துக் கிடந்தன. ஒரு குழந்தை நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. இப்போது பூச்சியைச் சுற்றி மணலில் பெரிய வட்டம் போட்டு, அது எந்தப் பக்கம் வெளியே போகிறது என்று உட்கார்ந்து பார்க்கிறோம். மரவட்டைக்கும் நத்தைக்கும் இதே வட்டம்தான்.

---

ஊட்டி மலைப்பள்ளி எழுதியது:

வெண்ணாற்றங்கரை டீச்சர், உங்கள் பெண் கேட்ட வெள்ளைப் பனிக்கு ஓரளவு பக்கத்தில் இருப்பது நாங்கள்தான். வானத்திலிருந்து கொட்டாது. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, குதிரைப் பந்தய மைதானம் பக்கமெல்லாம் புல் வெள்ளையாகிவிடும். உறைபனி. வெயில் ஏறியதும் போய்விடும். பிள்ளைகளுக்கு அது அழகு. தேயிலை கருகுகிறதே என்று வீட்டில் பெரியவர்களுக்குக் கவலை. அதையும் பிள்ளைகள் சொல்வார்கள்.

பனி ‘விழுகிறது’ என்று சொன்னாலும் அது மேலிருந்து விழுவதில்லை. காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்த புல்லில் பட்டுத் துளியாகிறது, இன்னும் குளிர்ந்தால் வெள்ளையாக உறைகிறது. எவர்சில்வர் டம்ளரில் பானைத் தண்ணீருக்குப் பதில் ஐஸ் தண்ணீர் ஊற்றி வையுங்கள். வெளிப்பக்கம் துளி அரும்புவதைப் பிள்ளைகள் விரலால் தொட்டுப் பார்க்கட்டும். எங்கள் பிள்ளைகள், “டம்ளருக்கு வேர்க்குது” என்பார்கள்.

மார்கழியில் ஒரு நாள் குறித்துக்கொள்வோமா? அன்று காலை உங்கள் 17 பேரும் வைக்கோல் போரை வரையட்டும், எங்கள் 11 பேரும் பள்ளிக்கூடத்துப் புல்லை வரையட்டும். தபாலில் மாற்றிக்கொள்வோம்.

---

வெண்ணாற்றங்கரை டீச்சர் எழுதியது (ஐப்பசி கடைசியில்):

பதில் போட இவ்வளவு நாளாகிவிட்டது, மன்னியுங்கள். மழை.

சுவரில் இப்போது ஒன்பது நீலத் துண்டு, மீதியெல்லாம் மஞ்சள் பொட்டு. லீவு விட்ட அன்று பாட்டில் அந்த வைக்கோல் போர்ப் பையன் வீட்டில் இருந்தது. அன்றைய துண்டுதான் இருப்பதிலேயே நீளம், என் சுட்டுவிரல் அளவு. அதை ஒட்டிவிட்டுப் பையன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். அப்புறம், “டீச்சர், இந்த மழையிலதான் எங்க நாத்து மூழ்கிச்சு. அப்பா வடிய வெட்டி விட்டாங்க” என்றான். உடனே இன்னும் மூன்று பேர் எழுந்து அவரவர் வயலைச் சொன்னார்கள். எந்தத் துண்டு எந்த நாள் என்று சுவரைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்கள். அன்று கணக்குப் பாடம் நடத்தவில்லை.

ஊட்டி டீச்சர், மார்கழி 10 சரியா? பள்ளி விடுமுறையில் வந்துவிடும் என்றால் 5-ஆம் தேதி வைத்துக்கொள்வோம். வரைகிற காகிதம் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டலாம். நான் ஏ4 வாங்கி வைத்திருக்கிறேன். பனிமனிதன் இருந்த இடத்தை அதற்காகக் காலியாகவே விட்டிருக்கிறேன்.