மழை நாள்களில் மட்டும் நின்றுபோகும் ஜாவா நிரல்: டெர்னரியில் 'நல்' மதிப்பு

கேள்வி – கோத்தகிரி

வணக்கம். எங்கள் பகுதிச் சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையின் எடையைப் பதிய ஜாவா 8-இல் ஒரு நிரல் எழுதியிருக்கிறேன். மழை நாள்களில் இலையின் ஈரத்துக்காகச் சில கிலோ கழிக்கப்படும் என்பதால், உறுப்பினர் எண்ணுக்கு எதிரே கழிவுக் கிலோவை ஒரு ஹேஷ்மேப்பில் (எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் பட்டியல்) வைத்திருக்கிறேன். மழை நாள் என்றால் மேப்பில் தேடும் 'கெட்' அழைப்பு தருவதையும், இல்லையென்றால் 0-வையும் எடுக்கும்படி ஒரே வரியில் டெர்னரி (நிபந்தனைக்கேற்ப இரண்டு மதிப்புகளில் ஒன்றைத் தரும் அமைப்பு) எழுதி, விடையை, எண்ணைப் பொதிந்து வைக்கும் 'இன்டிஜர்' வகை மாறியில் வைக்கிறேன். வெயில் நாள்களில் சரியாக ஓடும் இவ்வரி, வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் சில உறுப்பினர்களுக்கு நல்பாயின்டர்எக்செப்ஷன் (நல், அதாவது மதிப்பே இல்லாத நிலை, எதிர்ப்பட்டதால் எழும் பிழை) தந்து நின்றுவிடுகிறது. அவர்களுக்குக் கழிவு இன்னும் பதியப்படவில்லை. ஆயினும் இன்டிஜர் மாறி நல் மதிப்பை ஏற்கும் அல்லவா?

மறுமொழி – குன்னூர்

மாறி ஏற்கும், ஆனால் மதிப்பு மாறிக்கு வந்து சேரும் முன்பே பிழை நிகழ்ந்துவிடுகிறது. டெர்னரியின் ஒரு கிளை இன்டிஜராகவும் மற்றது வெறும் 'இன்ட்' (பொதியப்படாத, நல் ஏற்காத எண்) ஆகவும் இருந்தால், டெர்னரிக் கோவை (எக்ஸ்பிரஷன்) முழுவதையும் இன்ட் என்றே ஜாவாவின் விதி கொள்கிறது. அதனால் கெட் தந்த இன்டிஜரிலிருந்து எண்ணை வெளியே எடுக்க, கம்பைலர் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) தானாகவே 'இன்ட்வேல்யூ' அழைப்பைச் சேர்க்கிறது. நல் அங்கேதான் இடறுகிறது. வெயில் நாளில் 0 உள்ள கிளை மட்டுமே இயங்குவதால் இது வெளிப்படுவதில்லை. 0-க்குப் பதிலாக 'இன்டிஜர்.வேல்யூஆஃப்(0)' என்று எழுதுங்கள்; இரு கிளைகளும் இன்டிஜராகிவிடும், நல் அப்படியே மாறிக்கு வரும்.

கேட்டவர்

மாற்றியதும் நிற்கவில்லை, மிக்க நன்றி ஐயா. முன்பு சோதனைக்காகக் கெட் இருந்த இடத்தில் நல் என்றே நேரடியாக எழுதியபோது பிழை வரவில்லையே, அது ஏன்? மேலும், மேப்பில் எண் இல்லாவிட்டால் நாம் சொல்லும் மதிப்பைத் தரும் 'கெட்ஆர்டிஃபால்ட்' கொண்டு 0 தருவது இன்னும் எளிதாகாதா?

மறுமொழி – குன்னூர்

நேரடியாக எழுதிய நல்லுக்கு எண் வகை இல்லை; ஆகவே அங்கே கோவை இன்டிஜராகவே அமைந்தது.

மறுமொழி – கூடலூர்

கெட்ஆர்டிஃபால்ட் உங்கள் ஜாவா 8-இலேயே உண்டு. எனினும் இங்கே அதைப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 0 என்றால் கழிவு இல்லை. நல் என்றால் எடை போட்டவர் இன்னும் பதியவில்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் நனைந்த இலை முழு எடையில் கணக்கேறி, பிறகு பட்டுவாடாவின்போது விவசாயியிடம் பிடித்தம் செய்ய நேரும். தவிர, உறுப்பினர் எண் மேப்பில் இருந்து அதன் மதிப்பே நல்லாக இருந்தால், ஹேஷ்மேப்பின் கெட்ஆர்டிஃபால்ட் நல்லையே திருப்பித் தரும். எனவே டெர்னரியை விட்டு 'இஃப்' எழுதி, நல் வந்தால் அந்த உறுப்பினரின் ரசீதை நிறுத்திவைத்துக் கழிவைப் பதியுமாறு திரையில் கேளுங்கள். இயலுமானால் ஜாவா 15 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்கு மாறுங்கள்; எந்த அழைப்பு நல் தந்தது என்பதைப் பிழைச்செய்தியே சொல்லிவிடும்.