டபுள் பீன்ஸ் கொடியில் பூவெல்லாம் கொட்டுகிறது, ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. உதவுங்கள்!

கொடிப்பந்தல் கேட்டது:
வணக்கம் நண்பர்களே. பந்தலில் ஏற்றிய டபுள் பீன்ஸ், அதாவது லிமா பீன்ஸ், நன்றாகப் படர்ந்திருக்கிறது. கரும்பச்சை இலை, கொத்துக் கொத்தாகப் பூ. ஆனால் காலையில் பார்த்தால் கொடிக்கு அடியில் பூவெல்லாம் உதிர்ந்து கிடக்கிறது. வாரம் ஒருமுறை புண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன். இப்போது பகலில் வெயில் 36 டிகிரி வரை போகிறது. தேனீ அதிகம் வருவதில்லை, அதுதான் காரணமா? கையால் மகரந்தம் தடவிவிடலாமா?

வேர்முடிச்சு:
தேனீயைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்தப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே கருவுற்றுவிடும், தடவிவிட வேண்டியதில்லை. நீங்கள் சொன்னதில் இரண்டு விஷயம் உறுத்துகிறது: வெயிலும் புண்ணாக்கும்.

பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினாலே டபுள் பீன்ஸ் பூவை உதிர்க்கத் தொடங்கிவிடும். இரவும் புழுக்கமாக இருந்தால் இன்னும் மோசம். மகரந்தம் வீரியம் இழந்துவிடுகிறது, கருவுறாத பூவைச் செடி வைத்துக்கொள்ளாது. அதிலும் பெரிய விதை ரகங்கள்தான் சூட்டுக்குச் சீக்கிரம் துவளும். சிறு விதை ரகங்கள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். உங்களுடையது எது?

புண்ணாக்கை உடனே நிறுத்துங்கள். அவரை, பீன்ஸ் குடும்பத்துக்குத் தழைச்சத்தை வேரிலுள்ள பாக்டீரியாவே காற்றிலிருந்து பிடித்துக் கொடுத்துவிடும். மேலே மேலே ஊற்றினால் கொடி இலையாகத்தான் தள்ளும், காயில் நாட்டம் போய்விடும். ஓரமாக மண்ணை மெல்ல விலக்கி, ஒரு சிறு வேரை எடுத்து, அதில் இருக்கும் உருண்டையை, அதாவது அந்தப் பாக்டீரியா குடியிருக்கும் வேர்முடிச்சை, நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. உருண்டையே அதிகம் இல்லையென்றால், வெளியிலிருந்து வரும் தழைச்சத்தே போதும் என்று செடி இருந்திருக்கும்.

மண்வாசம்:
பூச்சியையும் ஒரு கை பார்த்துவிடுங்கள். வெள்ளைத் தாளில் நாலைந்து பூவைத் தட்டுங்கள். மெல்லிய கீற்றுப்போல ஏதாவது ஊர்ந்தால் இலைப்பேன். பூக்கள் நூலால் பின்னியதுபோல ஒட்டி, உள்ளே கழிவு தெரிந்தால் காய்த்துளைப்பான் புழு. அந்தக் கொத்தைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். இரண்டும் இல்லாமல் பூ முழுசாக, காம்போடு சுத்தமாகக் கழன்று விழுந்திருந்தால் பூச்சியைவிட வெயிலையும் தண்ணீரையும்தான் சந்தேகப்பட வேண்டும்.

கொடிப்பந்தல்:
பெரிய விதை ரகம்தான். தாளில் ஒன்றும் ஊரவில்லை, பூக்கள் முழுசாகத்தான் விழுந்திருக்கின்றன. முடிச்சு ஒன்றிரண்டுதான் தெரிந்தது, அதுவும் கடுகளவு. புண்ணாக்கை நிறுத்திவிட்டேன். வெயிலுக்கு என்ன செய்ய?

வேர்முடிச்சு:
அப்படியென்றால் சந்தேகமே இல்லை. பிற்பகல் வெயிலை மட்டும் மறைக்கிற மாதிரி மேற்குப் பக்கம் நிழல்வலை கட்டுங்கள். காலை வெயில் கட்டாயம் வேண்டும், அதை மறைத்துவிடாதீர்கள். வேர்ப்பகுதியில் காய்ந்த சருகை நான்கு விரல்கடை உயரத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். தண்ணீரைக் காலையிலேயே வேருக்கு விடுங்கள். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக விடுவதும் பூவைக் கொட்டவைக்கும். மண் ஒரே சீராக ஈரமாக இருக்கட்டும், ஆனால் தேங்கக் கூடாது.

மற்றபடி பொறுமைதான். வெயில் தணிந்ததும் இதே கொடி புதுப் பூ விட்டுக் காய்க்கும். பிடுங்கிவிடாதீர்கள், பலர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள்.

பச்சைத்துளிர்:
இடையில் ஒரு சந்தேகம். எனக்கு விதை முளைக்கவே இல்லை. இரவு முழுக்க ஊறவைத்துத்தான் போட்டேன்.

மண்வாசம்:
ஊறவைக்காதீர்கள். விதை பெரியது, தண்ணீரை வேகமாகக் குடித்தால் பருப்பு வெடித்து அழுகிவிடும். மண் 18 டிகிரிக்கு மேல் சூடான பிறகு, 3 செ.மீ. ஆழத்தில் அப்படியே ஊன்றுங்கள். முளை அந்தப் பருப்பைத் தூக்கிக்கொண்டுதான் மேலே வரும். மேல்மண் இறுகிக் கிடந்தால் கழுத்து முறிந்துவிடும். ஆகவே மேலே மக்கிய உரத்தைத் தூவி மூடினால் போதும்.

கொடிப்பந்தல்:
இரண்டு நாள் மழைக்குப் பிறகு வெயில் குறைந்தது. இன்று பார்த்தால் கீழ்க்கொத்துகளில் பிறைபோல வளைந்த பிஞ்சுகள், நுனியில் வாடிய பூ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது! இருவருக்கும் மிக்க நன்றி. எப்போது பறிக்கலாம்? பச்சையாகக் கடித்துப் பார்க்கலாமா?

வேர்முடிச்சு:
ரொம்ப மகிழ்ச்சி! பச்சையாக மட்டும் வேண்டாம். டபுள் பீன்ஸ் விதையில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது, பச்சையாகக் கடித்தால் அதிலிருந்து சயனைடு வெளியாகும். குழந்தைகளிடமும் சொல்லிவையுங்கள். நிறையத் தண்ணீர் விட்டு, மூடாமல் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

தோலுக்கு மேலே விதை புடைத்துத் தெரியும்போது, தோல் பச்சையாக இருக்கையிலேயே பறியுங்கள். பறிக்கப் பறிக்கத்தான் பூ தொடரும். விதைக்கு வேண்டுமானால் ஒரு கொத்தை மட்டும் கொடியிலேயே விட்டு, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும்வரை காயவிடுங்கள்.