ஆட்சியில் இல்லாதவர்களுக்கு எதற்கு அமைச்சரவை?

சிம்மக்கல்வாசி:
தங்கை லண்டனில் இருக்கிறாள். நேற்று போனில், "இங்கே எதிர்க்கட்சியிலயும் அமைச்சரவையை மாத்துறாங்கண்ணே" என்றாள். ஆட்சியே இல்லை, அப்புறம் என்ன அமைச்சரவை? டீக்கடையில் கேட்டால் வடையைப் பிய்த்துக்கொண்டே சிரிக்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருமங்கலம் வாத்தியார்:
தம்பி, அது நிழல் அமைச்சரவை. நிதியமைச்சர் பேசினால் எதிர்வரிசையிலிருந்து எழுந்து மடக்க ஒரு நிழல் நிதியமைச்சர். போடுவதும் தூக்குவதும் தலைவர் இஷ்டம். பிரிட்டனின் தொழிற்கட்சி (லேபர்) எதிர்வரிசையில் இருந்தபோது முன்பெல்லாம் எம்.பி.க்களே ஓட்டுப் போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இலாகாவைத்தான் தலைவர் பிரித்துக் கொடுப்பார். 2011-இல் அப்போதைய கட்சித் தலைவர் எட் மிலிபேண்ட் அந்தத் தேர்தலையே எடுத்துவிட்டார். 2016 ஜூனில் அவருக்கு அடுத்து வந்த தலைவர் ஜெரமி கார்பின், நிழல் வெளியுறவு அமைச்சர் ஹிலாரி பென்னை நீக்கினார். உடனே நிழல் அமைச்சர்கள் வரிசையாக ராஜினாமா. கல்யாண வீட்டில் ஒரு மாமாவை முறைத்தால் பந்தியே எழுந்து போகுமே, அந்தக் கதைதான்.

மாட்டுத்தாவணி மணி:
சம்பளம் உண்டா சார்?

திருமங்கலம் வாத்தியார்:
எம்.பி. சம்பளம்தான். பிரிட்டன் மக்களவையில் கூடுதலாக வாங்குவது எதிர்க்கட்சித் தலைவரும் கொறடாக்கள் சிலரும் மட்டும்.

மாட்டுத்தாவணி மணி:
சும்மாவா! நம்ம ஊரில் வட்டச் செயலாளரே காரில்தான் வருகிறார்.

அவனியாபுரத்தான்:
டெல்லியில் இந்த ஏற்பாடே கிடையாது. எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலிக்கே பத்தில் ஒரு பங்கு இடம் கேட்பார்கள். 2014-இல் 44 இடத்தோடு காங்கிரசுக்கு அது கிடைக்கவில்லை. 2024-இல் 99 வந்த பிறகுதான் ராகுல் காந்தி உட்கார்ந்தார்.

சிம்மக்கல்வாசி:
நன்றி வாத்தியாரே. நாளைக்கு வடைக் காசு அவர்கள் தலையில்.