பாஸே சேம்ப்ல்: உங்களை மடக்கிய வினை வடிவம் எது?

புதுவை மேசை
பிரெஞ்சில் கதை எழுதும்போது வரும் இறந்தகாலம்தான் பாஸே சேம்ப்ல். எழுத்துப் பெயர்களை ஆங்கிலத்தில் சொல்வதுபோலவே எழுதுகிறேன், இல்லாவிட்டால் குழம்பிப்போகும்.

‘ஜெ பார்லே’ (‘ஜெ’ என்றால் நான்). கதையில் இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஏ-ஐ என்று முடிந்தால் பாஸே சேம்ப்ல்: ‘பேசினேன்’. பின்னால் ஓர் எஸ் ஒட்டிக்கொண்டால் ஏம்பார்ஃபே, அதாவது தொடர்ந்து நடந்ததைச் சொல்லும் இறந்தகாலம்: ‘பேசிக்கொண்டிருந்தேன்’. முன்னதை வாயைக் குறுக்கியும் பின்னதைக் கொஞ்சம் திறந்தும் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆனால் பிரான்சிலேயே பலர் இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். ஆகவே சொல்வதெழுதுதலில் காதை நம்ப முடியாது. ‘ஜெ’யை எடுத்துவிட்டு ‘இல்’ (அவன்) போட்டுப் பாருங்கள். ‘இல் பார்லா’ பொருந்தினால் எஸ் கிடையாது; ‘இல் பார்லே’ பொருந்தினால் எஸ் உண்டு.

உங்களுக்கு உறுத்திய வடிவத்தைச் சொல்லுங்கள்.

காரைக்கால் டீச்சர்
மான்ஜே (சாப்பிடுதல்). விடைத்தாளில் இது பிழையில்லாமல் வருவது அபூர்வம்.

ஜி-க்கு அடுத்து நேராக ஏ வந்தால் ‘க’ ஒலி வந்துவிடும். ‘ஜ’ ஒலியைக் காப்பாற்ற நடுவில் ஓர் ஈ செருகுகிறோம். ‘அவன் சாப்பிட்டான்’: எம்-ஏ-என்-ஜி-ஈ-ஏ. நான், நீ, அவன்/அவள், நாங்கள், நீங்கள், அவர்கள் என்ற ஆறுக்கும் உரிய ஆறு விகுதிகளில் ஐந்து ஏ-யில் தொடங்குவதால் ஐந்திலும் இந்த ஈ வரும். ஆறாவதான ‘அவர்கள்’ வடிவத்தில் விகுதியே ஈ-யில்தான் தொடங்குகிறது (மேலே ஆக்ஸான் கிராவ் என்ற சாய்கோட்டோடு), அங்கே கூடுதல் ஈ வேண்டாம். பிள்ளைகள் ஐந்தில் போட்ட பழக்கத்தில் ஆறாவதிலும் போட்டுவிடுகிறார்கள். கொமான்ஸேயும் (தொடங்குதல்) அதே கதை: ஐந்து இடத்தில் சி-க்கு அடியில் செதீய் என்ற வால் குறி, ஆறாவதில் வெறும் சி.

வரிவரியாக
டீச்சர், ஆறையும் ஏன் உருப்போட வைக்கிறீர்கள்? பேச்சில் எல்லாரும் பாஸே கொம்போஸே என்ற இன்னொரு இறந்தகாலம்தான். கதையில் பெரும்பாலும் வருவது ‘அவன்/அவள்’, ‘அவர்கள்’ இரண்டும்தான். தொப்பிக் குறி (^) போட்ட ‘நூ’ (நாங்கள்), ‘வூ’ (நீங்கள்) வடிவங்களை எங்கே பார்க்கப்போகிறோம்? மாணவர் திணறும் இடம் வேறு: ஃபினீர் வினையின் ‘அவர்கள் முடித்தார்கள்’. கடைசி ஈ-என்-டி ஒலிக்காது, அதனால் அகராதி வடிவமும் அதுவும் காதுக்கு ஒன்றே.

இலக்கணக்காரி
வரிவரியாக ஐயா, இதை நான் ஏற்கமாட்டேன். தன்மையில் சொல்லப்படும் கதைகளில் ‘நாங்கள் கிளம்பினோம், நாங்கள் கடந்தோம்’ என்று பக்கத்துக்குப் பக்கம் ‘நூ’ வரும். ‘வூ’ அரிது, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். 1990 எழுத்துச் சீர்திருத்தம் பல சொற்களில் ஐ, யு மேலிருந்த தொப்பியைக் கழற்றியபோதும் பாஸே சேம்ப்ல் விகுதிகளில் கைவைக்கவில்லை.

யாரும் கேட்கவில்லைதான், ஆனாலும் புதிதாகப் படிப்பவர்களுக்காக முழுசாகச் சொல்லிவிடுகிறேன். ஒழுங்கான வினைகளுக்கு மூன்று பட்டியல் தேவையில்லை, இரண்டு போதும். ஈ-ஆர் என்று முடியும் வினையில் (பார்லே மாதிரி) அந்த ஈ-ஆரை வெட்டிவிட்டு, வரிசையாக ஏ-ஐ, ஏ-எஸ், ஏ, தொப்பி ஏ-எம்-ஈ-எஸ், தொப்பி ஏ-டி-ஈ-எஸ், கிராவ் ஈ-ஆர்-ஈ-என்-டி. ஒலி: பார்லே, பார்லா, பார்லா, பார்லாம், பார்லாத், பார்லேர்.

ஐ-ஆர் வினைக்கும் (ஃபினீர்) ஆர்-ஈ வினைக்கும் (வாந்த்ர், விற்றல்) ஒரே பட்டியல்தான்: ஐ-எஸ், ஐ-எஸ், ஐ-டி, தொப்பி ஐ-எம்-ஈ-எஸ், தொப்பி ஐ-டி-ஈ-எஸ், ஐ-ஆர்-ஈ-என்-டி. நிகழ்காலத்தில் முரண்டு பிடிக்கும் பார்த்தீர் (கிளம்புதல்), தொர்மீர் (தூங்குதல்), ஊவ்ரீர் (திறத்தல்) மூன்றும் இங்கே சமர்த்தாக இதே பட்டியலுக்குள் வந்துவிடும். வெனீர் (வருதல்), தெனீர் (பிடித்தல்), கூரீர் (ஓடுதல்), மூரீர் (இறத்தல்) வராது. அவற்றைத் தனியே படியுங்கள்.

சிக்கல் ஃபினீரின் ஒருமையில். ‘முடிக்கிறான்’, ‘முடித்தான்’ இரண்டும் ஒரே எழுத்து, ஒரே ஒலி. வினையை மட்டும் முறைத்துப் பார்த்துப் பயனில்லை. அதே பத்தியில் ஈ-ஆர் வினை ஒன்றைத் தேடுங்கள். அது ‘பார்லா’ மாதிரி இருந்தால் இதுவும் பெரும்பாலும் இறந்தகாலம்தான். ‘மழை பெய்துகொண்டிருந்தது, ரயில் வந்தது’ என்பதில் மழைக்கு ஏம்பார்ஃபே, ரயில் வந்ததற்கு (‘அரிவா’) பாஸே சேம்ப்ல். கதையை நகர்த்துவது ரயில்.

புதுவை மேசை
‘அரிவா’ உதாரணம் பிரமாதம். ‘பார்லா’வை ‘பார்லெரா’ என்ற எதிர்காலத்தோடு போட்டுக் குழப்புவதையும் சேர்க்கலாம். வேகமாக வாசித்தால் நடுவிலிருக்கும் ஈ-ஆர் கண்ணில் படாது.

நடுச்சாமம்
அப்லே (கூப்பிடுதல்) பற்றி யாரும் சொல்லவில்லையே. நிகழ்காலத்தில் ‘கூப்பிடுகிறான்’ என்பதற்கு இரண்டு எல் போடுகிறோம். அந்தப் பழக்கத்தில் ‘கூப்பிட்டான்’ என்பதற்கும் இரண்டு எல் போட்டால் தப்பு, ஒன்றுதான். பின்னால் ஒலிக்காத ஈ வரும்போது மட்டும் எல் இரட்டிக்கும். இங்கே வருவது வாய்விட்டுச் சொல்லும் ஏ. ஜெத்தேயின் (எறிதல்) டி-யும் இப்படித்தான்.

எனக்கு உறுத்துவது ‘ஃபினி’யின் தொப்பி. ஐ-டி தொப்பியில்லாமல் இருந்தால் பாஸே சேம்ப்ல். அதே ஐ தொப்பி போட்டுக்கொண்டால் சுப்ஜோங்க்தீஃப் ஏம்பார்ஃபே, அதாவது விருப்பம், ஐயம் போன்றவற்றுக்குப் பின் வரும் பழைய இறந்தகால வடிவம். ‘பார்லா’வில் தொப்பியோடு ஒரு டி-யும் கூட வருவதால் கண்ணில் பட்டுவிடும், ஃபினீரில் தொப்பி ஒன்றுதான் வித்தியாசம். பழைய பதிப்புகளை வாசிக்கும்போது முன்னால் ‘கெ’ என்ற இணைப்புச் சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தொப்பியைத் தேடுங்கள்.

காரைக்கால் டீச்சர்
பேச்சு வரிக்குப் பின் வரும் ‘என்று கேட்டான்’ பாக்கி. வினை முன்னால், ‘இல்’ பின்னால் வரும்போது ஏ-யில் முடியும் வினைக்கு நடுவில் ஒரு டி, இரு பக்கமும் சிறு கோடு: ‘தெமான்தா-த்-இல்’. ஃபினீர், வாந்த்ர் வகையில் ஏற்கெனவே டி இருப்பதால் ஒரே கோடு போதும். இன்னொரு டி செருகாதீர்கள்.