பட்டறை வேலைக்கு லிங்க்ட்இனில் எப்படிப் படம் போடுவது? பொங்கல் வாழ்த்துக்கு மட்டும்தான் லைக் வருகிறது

கணபதி_லேத்:
வணக்கமுங்க. கோவை கணபதியில் சின்னதாக ஒரு சிஎன்சி (கம்ப்யூட்டர் சொல்கிறபடி உலோகம் வெட்டுகிற மெஷின்) பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு டர்னிங் மெஷின், ஒரு விஎம்சி (மில்லிங் மெஷின்), என்னையும் சேர்த்து ஆறு பேர், பெரும்பாலும் பம்ப் பாகங்கள்தான். ஒரே கஸ்டமரை நம்பிக் கிடக்காதே என்று மச்சான் சொல்லிச் சொல்லி, லிங்க்ட்இனிலும் இன்ஸ்டாகிராமிலும் கணக்கு திறந்து எட்டு மாதம் ஆகிறது. வாரம் இரண்டு படம் போடுகிறேன். கான்வா டிசைன் ஆப்பில் நீலக் கலர் டெம்ப்ளேட் ஒன்றை எடுத்து, மேலே எங்கள் லோகோ, நடுவில் "தரமே எங்கள் தாரக மந்திரம்", கீழே போன் நம்பர், ஜிஎஸ்டி நம்பர், முகவரி, பின்னால் கூகுளில் எடுத்த மெஷின் படம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஐந்து லைக் வந்தால் அதில் மூன்று சொந்தக்காரர்கள். பொங்கலுக்குப் போட்ட பானைப் படத்துக்கு மட்டும் 62. சரி, சொந்தமாகப் படம் எடுத்துப் பார்ப்போம் என்று போனில் எடுத்தால் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பாகமெல்லாம் ஒரு பக்கம் வெளுத்து ஒரு பக்கம் கறுத்து, நடுவில் என் சட்டைக் கட்டம் தெரிகிறது. டிசைனருக்கு மாதாமாதம் பணம் கொடுக்கும் நிலைமையில் இல்லை. என்ன செய்யலாம்?

ஓசூர்_பர்ச்சேஸ்:
உங்களை மாதிரி ஆட்களிடம் வாங்குகிற பக்கம் இருப்பவன் நான், அதனால் உடைத்தே சொல்கிறேன். தாரக மந்திரத்தைப் படித்து யாரும் என்கொயரி அனுப்புவதில்லை. லிங்க்ட்இனைத் தள்ளிக்கொண்டே போகும்போது என் விரல் நிற்பது பாகத்தின் விளிம்பு தெளிவாகத் தெரிகிற படத்தில்தான். த்ரெட் எப்படித் தொடங்குகிறது, குறுக்குத் துளை வெளியே வருகிற இடத்தில் பிசிறு இருக்கிறதா, டூல் மார்க் சீராக இருக்கிறதா, இதெல்லாம் ஒரு நல்ல படத்தில் இரண்டு நொடியில் தெரிந்துவிடும். கூடவே ஒரே ஒரு வரி: என்ன மெட்டீரியல், எந்த அளவை எத்தனை மைக்ரானுக்குள் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பிடித்தீர்கள். அவ்வளவு போதும். அந்தக் கூகுள் மெஷின் படத்தை முதலில் எடுத்துவிடுங்கள். ஹெல்மெட் போட்ட வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டு நிற்கிற பட்டறை கணபதியில் இல்லை என்று எனக்குத் தெரியும், அதோடு அது அடுத்தவர் காப்புரிமை. ஜிஎஸ்டி நம்பர் கொட்டேஷனில் இருந்தால் போதும், படத்தில் எதற்கு?

தெர்மாகோல்_ஸ்டூடியோ:
சட்டைக் கட்டம் தெரிகிறது என்றாரே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. பளபளப்பான உலோகம் கண்ணாடி மாதிரி, எதிரே இருப்பதைத்தான் காட்டும். அதனால் பாகத்தைச் சரிசெய்வதை விட அதைச் சுற்றி இருப்பதைச் சரிசெய்ய வேண்டும். நான் எடுப்பது நகைப் படங்கள், கணக்கு ஒன்றுதான். ஜன்னல் ஓரமாக ஒரு மேசை, கீழே சாம்பல் கலர் சார்ட் பேப்பரைப் பின்பக்கம் வளைத்துச் சுவரில் ஒட்டுங்கள், மடிப்பு விழக் கூடாது. இரண்டு பக்கமும் தெர்மாகோல் அட்டை. ஜன்னலுக்கும் பாகத்துக்கும் நடுவே ஒரு டிரேசிங் பேப்பர், உங்கள் ஊரில் இன்னும் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும், இல்லையென்றால் வெள்ளை வேட்டி. வெளிச்சம் அதில் வடிந்து வரும்போது வெளுத்த திட்டெல்லாம் போய் ஒரு மென்மையான பட்டையாக மாறிவிடும். முழுக்க வெள்ளை சூழ்ந்தால் உருவமே தட்டையாகிவிடும், அதனால் ஒரு ஓரத்தில் கறுப்பு அட்டைத் துண்டு ஒன்றை நிறுத்துங்கள், விளிம்பு வெட்டினாற்போல் வரும்.

போனைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், வட்டம் முட்டையாகிவிடும். மூன்றடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூம். திரையில் பாகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், ஜன்னல் வெளிச்சத்தோடு அது கலந்தால் பாதி நீலம் பாதி பச்சை. எல்லாவற்றுக்கும் முன்னால் லென்ஸைத் துடையுங்கள், பட்டறைப் போனில் கூலண்ட் படலம் இல்லாமல் இருக்காது.

சிட்கோ_அண்ணன்:
தம்பி, நானும் பட்டறைக்காரன்தான். ஒன்று மட்டும் சொல்கிறேன். போன வருஷம் எங்கள் பையன் ஒரு ஹவுசிங் படம் போட்டான், அருமையான படம், நல்ல லைக். மறுநாள் காலையில் கஸ்டமரிடமிருந்து போன். பாகத்துக்குப் பின்னால் மேசையில் டிராயிங் விரித்தபடி கிடந்திருக்கிறது, பெரிதாக்கினால் பார்ட் நம்பரும் பெயரும் அப்படியே படிக்க முடிகிறது. படத்தை எடுத்துவிட்டேன், மன்னிப்பும் கேட்டேன், ஆனாலும் ஆறு மாதம் புது வேலை எதுவும் வரவில்லை. கஸ்டமர் பாகத்தைக் கேட்காமல் போடவே போடாதே. வெட்டுத் துண்டில் நீயே ஒரு சாம்பிள் பீஸ் ஓட்டி எடு, அதுதான் நிம்மதி.

எழுத்துப்பித்தன்:
படத்தை மேலே சொல்லிவிட்டார்கள், நான் எழுத்தைப் பற்றி. அந்த டெம்ப்ளேட்டுகள் ஆங்கிலத்துக்குச் செய்தவை. எழுத்து இடைவெளியை அகட்டி வைத்திருப்பார்கள், ஆங்கிலத்துக்கு அது அழகு, தமிழில் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் போய்விடும். இடைவெளியைப் பூஜ்யமாக்குங்கள், மாறாக வரி இடைவெளியைக் கூட்டுங்கள், இல்லையென்றால் மேல் வரியின் சுழியும் கீழ் வரியின் விசிறியும் இடித்துக்கொள்ளும். முக்த மலர், ஹிந்த் மதுரை, அனேக் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் இலவசம், ஒன்றை எடுத்துக்கொண்டு அதையே விடாமல் பயன்படுத்துங்கள். பழைய போட்டோஷாப்பில் 'கொ' உடைந்து வந்தால் அமைப்பில் டைப் பகுதிக்குப் போய் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பாதிப் பேர் இது தெரியாமல் பாமினி என்கிற பழைய யூனிகோட் அல்லாத எழுத்துருவுக்குத் திரும்பிப் போகிறார்கள். ஏஐ வரைந்து கொடுக்கிற படத்தில் தமிழ் எழுத்து இருந்தால் எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள், இல்லாத எழுத்தெல்லாம் வரும்.

அளவு 1080க்கு 1350 வைத்தால் இரண்டு தளத்துக்கும் ஆகும், போனில் சதுரத்தை விட அதிக இடம் பிடிக்கும். 2025இலிருந்து இன்ஸ்டாவின் முகப்புக் கட்டம் 3க்கு 4 ஆகிவிட்டதால் இரண்டு ஓரத்திலும் முப்பது நாற்பது பிக்சல் வெட்டுப்படும், எழுத்தை ஓரத்தில் ஒட்டி வைக்காதீர்கள். லிங்க்ட்இனில் ஐந்தாறு பக்க பிடிஎஃப் ஏற்றினால் புரட்டிப் பார்க்கிற மாதிரி வரும்: வெட்டுத் துண்டு, பாதி ஓடியது, முடிந்தது, மைக்ரோமீட்டர் அளவு. உங்கள் வேலைக்கு அது பொருந்தும். அப்புறம், படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி எடுத்து ஏற்றாதீர்கள், நசுக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

கணபதி_லேத்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. ஞாயிற்றுக்கிழமை வீட்டம்மாவிடம் ஒரு வெள்ளை வேட்டிக்காகத் திட்டு வாங்கி, பித்தளையில் சாம்பிள் புஷ் (நடுவில் போர், அதாவது துளை, உள்ள குழாய்த் துண்டு) ஒன்று ஓட்டி எடுத்தேன். நாற்பது படம் எடுத்ததில் மூன்று தேறியது. முதலில் எடுத்ததில் எல்லாம் என் கைரேகை, பிறகு தின்னர் போட்டுத் துடைத்துக் கையுறையோடு வைத்தேன். பக்கத்தில் மைக்ரோமீட்டர், "பித்தளை புஷ், போர் 20 மைக்ரானுக்குள்" என்று ஒரே வரி. நேற்று போட்டேன், லைக் ஒன்பதுதான், பானையை இன்னும் தொட முடியவில்லை. ஆனால் தெரியாத ஒருவர் குறைந்தபட்சம் எத்தனை பீஸ் ஓட்டுவீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

ஓசூர்_பர்ச்சேஸ்:
பார்த்தேன், நன்றாக வந்திருக்கிறது. இரண்டாவது படத்தில் எண்ணெய்த் துளையின் இடது ஓரத்தில் பிசிறு தெரிகிறதே, கவனித்தீர்களா?

கணபதி_லேத்:
இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன் சார். அதே டிரில்லில்தான் சனிக்கிழமை கஸ்டமர் லாட்டும் ஓடியது. பெட்டியைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறேன்.