சிஎன்சி ஸ்பிண்டில் மாத்தணும், மக்கிட்டா போடவா வாட்டர் கூல் போடவா? (அவசரம்)

கொழுந்துக்கூடை
வணக்கம் அண்ணன்மாரே. கம்ப்யூட்டர் சொல்றபடி பலகை வெட்டுற சிஎன்சி மெசின் வச்சிருக்கேன். பிட்ட சுத்துற மோட்டர், அதான் ஸ்பிண்டில், இப்ப இருக்கிறது பத்தல. பலாப் பலகையில எழுத்து வெட்டப் போனா கருகுது, பிட் (வெட்டுற முனை) ஒடையுது. மக்கிட்டா மாதிரி ரவுட்டர் நல்லதா, தண்ணி ஓடிக் குளிர வைக்கிற வாட்டர் கூல் ஸ்பிண்டில் நல்லதா? எந்த பிட் வாங்கணும்னும் சொல்லுங்க. கோயில் பேர்ப்பலகை, திருவிழாவுக்கு முந்தி குடுத்தாகணும்.

பண்டாரவளை பொடியன்
என்ன மெசின்? என்ன பிட்? ஃபீட், அதான் பிட் நகர்ற வேகம், எவ்வளவு? ஒரு தடவைக்கு எவ்வளவு ஆழம் இறக்குறீங்க? இதுல ஒண்ணையும் சொல்லாம எப்பிடிங்க சொல்றது?

மக்கிட்டா மாமா
யோசிக்கவே வேணாம் தம்பி. மக்கிட்டா ஆர்டி0700சி. 710 வாட், நிமிசத்துக்கு 10,000லருந்து 30,000 சுத்து வரைக்கும் டயல்லயே மாத்தலாம், கார்பன் பிரஷ் தேஞ்சா நாமளே மாத்திக்கலாம். ஒண்ணு மட்டும் கவனம்: அமெரிக்கா, கனடாவுல இருக்கிற சொந்தக்காரங்ககிட்ட சொல்லி எடுத்தா ஆர்டி0701சி வந்துரும். அது 120 வோல்ட். நம்ம 230ல சொருகினா முடிஞ்சிது கதை.

பழைய வோல்ட்டு
மாசத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வர்றீங்க. தேடிப் பாக்குற பழக்கமே போயிருச்சி. ரவுட்டர் கையில பிடிச்சி வேலை செய்ய செஞ்ச சாமான். ஒழுங்கா வேலை செய்யணும்னா 1.5 கிலோவாட் வாட்டர் கூல், கூட சுத்து வேகத்த மாத்திக் குடுக்குற விஎஃப்டி பெட்டி, 400 ஹெர்ட்ஸ்ல 24,000 சுத்து. எர்த் சரியா இருக்கணும். லயத்து (தோட்டத்து வரிசை வீடு) வயரிங்ல ஓட்டினா விஎஃப்டி கசிவுக்கே ட்ரிப் சுவிட்ச் விழும், பிறகு இங்க வந்து அழக்கூடாது.

கொழுந்துக்கூடை
மெசின் எல்லாரும் வாங்குறது தாங்க. பிட் மெசினோட வந்தது.

பண்டாரவளை பொடியன்
"எல்லாரும் வாங்குறது"ன்னு ஒரு மாடலா? 😀 அந்தச் சின்ன மேசை மெசின் 3018ஆ? ஸ்பிண்டில் 775 மோட்டரா?

மழைக்காத்து
எனக்கென்னமோ பலகை ஈரம்னு தான் தோணுது. நம்ம பக்கத்து மரக்காலைல எந்தப் பலகை முழுசா காஞ்சிருக்கு? தலவாக்கலையில தென்மேல் மழை நேரம் அறுத்த பலகைய அப்பிடியே வெட்டினா நார் நாரா கெளம்பும். முதல்ல அடுப்படி பரண்ல போட்டு வைங்க.

டிக்கோயா பட்டறை
ஈரப் பலகைனா நார் கெளம்பும் சரி, ஆனா கருகாதே அண்ணே. தம்பி, வெட்டுறப்ப விழுற தூளக் கையில எடுத்துப் பாருங்க. மா மாதிரி இருக்கா, சின்னச் சின்னச் சீவலா இருக்கா?

கொழுந்துக்கூடை
ஆமாங்க 3018, 775 தான். தூள் மஞ்சளா மா மாதிரி, விரல்ல ஒட்டுது. ஃபீட் 100 வச்சேன், பிட் ஒடையும்னு பயத்துல. எழுத்தோட கோடு 3 மி.மீ. அகலம்.

மக்கிட்டா மாமா
அப்ப மக்கிட்டாவே தான்.

டிக்கோயா பட்டறை
இல்ல மாமா, 3018ல எங்க மாட்டப் போறீங்க? மக்கிட்டா உடம்பு 65 மி.மீ., எடை ரெண்டு கிலோ கிட்ட. அந்த மெசின்ல செங்குத்தா இறங்குற அச்சு அதைத் தாங்காது. வெட்டு ஒரு பக்கமா இழுக்கும், கோடு ஆடும். வாட்டர் கூல பத்திப் பேசவே வேணாம்.

தம்பி, உங்க சிக்கல் ஸ்பிண்டில்ல இல்ல. மெசினோட வர்ற அந்தக் கூர் பிட் தகட்டுல சர்க்கிட் கீற, பெரும்பாலும் 20 பாகை. இப்பிடி வி வடிவத்துல கூரா இருக்கிற வி பிட்டால 3 மி.மீ. அகலக் கோடு வேணும்னு சாஃப்ட்வேர்ல சொன்னா, அந்த அகலம் வர்ற வரைக்கும் அது கீழ இறங்கும். 20 பாகைக்கு எட்டரை மி.மீ. இறங்கணும். 60 பாகைன்னா 2.6, 90 பாகைன்னா ஒண்ணரை. நூல் மாதிரி முனைய எட்டரை மி.மீ. பலாவுக்குள்ள விட்டா ஒடையாம என்ன செய்யும்?

கருகுறது ஃபீட்டால. 10,000 சுத்து, அந்த பிட்டுக்கு வெட்டுற ஓரம் ஒண்ணு, நிமிசத்துக்கு 100 மி.மீ. ஃபீட். அப்ப ஒரு சுத்துக்கு 0.01 மி.மீ. தான் கடிக்குது. அது வெட்டல்ல, தேய்ப்பு. தேச்சா சூடாகும், கருகும். 500 வச்சா 0.05 வரும். ஓரம் ரெண்டுள்ள பிட்னா ஃபீட்ட இன்னும் ஏத்தலாம். ஆழத்த மட்டும் ஒரு தடவைக்கு அரை மி.மீ.யா பிரிச்சிக்கிங்க.

வாங்க வேண்டியது: 3.175 மி.மீ. தண்டுல 60 பாகை வி பிட் ரெண்டு. சாஃப்ட்வேர்லயும் பாகைய 60ன்னு மாத்தணும், மறந்துறாதீங்க. ஓரம் வெட்டி எடுக்க 3.175 மி.மீ. ரெண்டு ஓர எண்ட்மில் (நேரா இருக்கிற பிட்) ஒண்ணு. ஒட்டுப்பலகைன்னா தூளக் கீழ தள்ளுற டவுன்கட் பிட், மேல் பக்கம் பிசிறில்லாம வரும், ஆனா தூள் பள்ளத்துலயே அடையும், வேக்குவம் பிடிச்சிக்கிட்டே நிக்கணும். "ஞ", "ணி" சுழி உள்வளைவ கூர் முனைதான் சுத்தமா எடுக்கும். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுல கேட்டுப் பாருங்க.

பழைய வோல்ட்டு
அரைகுறை வைத்தியம். இன்னைக்கு எழுத்து, நாளைக்கு கதவு கேப்பாங்க. அப்ப வாட்டர் கூல் தான்.

மழைக்காத்து
நுவரெலியாவுல தை மாசம் வாட்டர் கூல் தொட்டி உறைஞ்சி குழாய் வெடிக்கும், தெரியுமா?

பழைய வோல்ட்டு
உளறாதீங்க. உறைபனி புல்லு மேலயும் கொழுந்து மேலயும் தான் விழுது. வீட்டுக்குள்ள வாளித் தண்ணி உறைஞ்சி எந்தக் காலத்துல பாத்தீங்க?

மழைக்காத்து
தகர ஷெட்டு வீடில்லையே அண்ணே. ரேடியேட்டர் கூலன்ட் கலந்தா என்ன குறைஞ்சிரும்?

மக்கிட்டா மாமா
இந்தத் தண்ணி, பம்ப், வாளி ஒண்ணுமே மக்கிட்டாவுக்கு வேணாம்.

பண்டாரவளை பொடியன்
சத்தம்? 25,000ல ஓட்டிப் பாருங்க, அடுத்த காம்பராக்காரங்க கம்போட வருவாங்க. எங்க லயத்துல ராத்திரி வேலை முடிச்சி வந்து தூங்குறவங்க இருக்காங்க.

பழைய வோல்ட்டு
அதைத்தானே சொல்றேன், வாட்டர் கூல் சத்தமே இல்ல. ஆனா அதை நேரா 50 ஹெர்ட்ஸ் பிளக்ல குடுக்காதீங்க. போன வருசம் ஒருத்தர் குடுத்துட்டு சுருள் கருகி வந்தாரு.

கொழுந்துக்கூடை
60 பாகை பிட் கெடச்சிது. ஃபீட் 500. கருகல, ஒடையல. தூளு சீவலா விழுது. நன்றி டிக்கோயா அண்ணே.

பண்டாரவளை பொடியன்
ஒரு போட்டோ போடுங்க. ஆழம் எவ்வளவு வச்சீங்க?

மழைக்காத்து
பலகைய காய வச்சீங்களா இல்லையா?

பண்டாரவளை பொடியன்
தம்பி?